பள்ளத்துப் புகையும் அடுப்புப் புகையும்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம் உண்டு. ரோட்டுக்குக் கல் உடைத்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அதில் அடுப்புச் சாம்பலும் தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும்தான் கிடக்கும். மழையில் அழுகி மண்ணாகிவிடும். அப்புறம் சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் வந்தது, ஷாம்பு பாக்கெட் வந்தது, பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பர்ஸ் வந்தது. மண்ணாகாததை எல்லாம் கொளுத்தத் தொடங்கினார்கள். காலையில் வாசல்கூட்டி லயம் முழுக்கக் கூட்டி அள்ளி வந்து, பத்து மணிவாக்கில் நெருப்பு வைப்பார். அந்த நேரம் தாய்மார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளத்துக்கு நேர் மேலே பிள்ளைக் காம்பரா, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம். அதை ஒட்டிய அறையில்தான் நான் முன்பள்ளி நடத்துகிறேன்.

எங்கள் டிவிஷன், அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவு, இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கிறது. தை மாதக் காலைகளில் இங்கே புகை மேலே போகாது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். அதற்கு மேல் சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்திருக்கும். கண்டி நகரத்துக் காற்று கெடுவதற்கும் இது ஒரு காரணம்: சுற்றிவர மலை, நடுவில் ஊர், வாகனப் புகை வெளியேற வழியில்லை. எங்களிடம் வாகனம் இல்லை, ஆனால் பள்ளம் இருந்தது. ஒரு நாள் தொட்டிலில் கிடந்த எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. காம்பரா ஆயம்மா ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய சேலையைச் சொருகிக்கொண்டே, "டீச்சர், நீங்க படிச்சவங்கதானே, யாருக்காவது எழுதுங்களேன்" என்றார். அன்று இரவே எழுத உட்கார்ந்தேன்.

நான் செய்த முதல் வேலை முழுக்கப் பிழையானது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது வேறு தோட்டங்களிலிருந்து என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளும் அதையேதான் செய்துவிட்டு வருகிறார்கள். மூன்று பக்கத்துக்கு ஒரு மனு. உலகம் சூடாவது, காடு அழிவது, பிளாஸ்டிக்கை எரித்தால் டயொக்சின் என்ற நஞ்சு வருவது, எல்லாவற்றையும் எழுதினேன். அடியில் லயத்து ஆட்களின் கையெழுத்து. ஐந்து அலுவலகங்களுக்கு ஒரே நாளில் அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. ஆனால் மனுவின் பிரதி எப்படியோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்து, கையெழுத்துப் போட்ட சிலரிடம் "உனக்கு என்ன குறை?" என்று கேட்கப்பட்டது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, "பிள்ள, எங்க பேர வெட்டிரு" என்று கெஞ்சினார்கள்.

வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிற மனிதருக்கு ஒரு கையெழுத்தின் விலை என்ன என்பதை நான் யோசித்திருக்கவில்லை. நகரத்தில் ஒருவர் மனுவில் ஒப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். லயத்தில் அந்தக் கதவே அவருடையது இல்லை. அதற்குப் பிறகு தனி ஆட்களின் பெயர்ப் பட்டியலை நான் எங்கும் அனுப்பியதில்லை. முன்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் கமிட்டி, மாதர் சங்கம், இப்படிப் பொதுவான ஒன்றின் பெயரில் கடிதம் போகும். கையெழுத்து என்னுடையது, நான் தோட்டத்துச் சம்பளம் வாங்காதவள் என்பதால் எனக்கு அது எளிது. இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் தங்களுக்குள் கேட்க வேண்டியது இதுதான்: பேசினால் இழப்பு யாருக்கு? இழப்பு குறைந்தவர் முன்னால் நிற்க வேண்டும்.

அடுத்தது, பள்ளம் யாருடையது என்ற கேள்வி. தோட்டத்து ஒபிஸில் கேட்டால், குப்பை அள்ளுவது பிரதேச சபையின் வேலை. பிரதேச சபையில் கேட்டால், அது தோட்டக் காணி. இரண்டு பக்கமும் ஆள் மாறி ஆள் அனுப்பினார்கள். நான் முதலில் இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகு சபையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் உட்கார வைத்து விளக்கினார். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதே அதன் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. நாங்கள் வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்வோம். அவர் எங்கள் லயத்துக் கானை, அதாவது வடிகாலை, கட்டச் சபைப் பணத்தைக் கேட்டால் சட்டம் இடம் தராது. 2018 இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். திருத்தம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அலுவலகங்களில் பழைய பழக்கம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்களுக்கும் திருத்தம் வந்த செய்தியே எட்டவில்லை. மலையகத்தில் சுற்றாடலுக்காக உழைக்க வருகிற ஒவ்வொருவரும் இந்த 33 ஆம் பிரிவின் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மரத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எவ்வளவு தெரிந்தாலும், இது தெரியாவிட்டால் ஒபிஸ் படிகளில் ஏறி இறங்கியே வருடம் போய்விடும்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். நம்மிடம் இருப்பதிலேயே நல்ல ஆயுதம் இது, ஏனென்றால் இதில் யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. ஏன் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதி வாங்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. தமிழில் எழுதினேன். தமிழிலேயே பதில் வேண்டும் என்றும் எழுதினேன்.

கேட்டது இரண்டே கேள்வி. சபையின் குப்பை டிராக்டர் எந்தெந்த நாளில் எந்தெந்த வழியில் போகிறது? எங்கள் டிவிஷன் அந்த வழியில் இல்லையென்றால், அதற்கு என்ன காரணம்? மூன்று பக்க மனுவுக்கு வராத பதில், ஐந்து வரிக் கடிதத்துக்கு வந்தது. டிராக்டர் புதன்கிழமைகளில் எங்கள் தோட்டத்துச் சந்தி வரைக்கும் வருகிறது. மேலே வராததற்குக் காரணம், பாதை சரியில்லை. தோட்ட நிர்வாகத்திடமிருந்து கோரிக்கையோ சம்மதமோ எழுத்தில் கிடைக்கவில்லை. இவ்வளவுதான். இத்தனை வருடம் பிள்ளைகள் மூச்சு முட்டியது ஒரு கடிதம் இல்லாத குறையால்.

சரி, அந்தக் கடிதத்தை வாங்கத் தோட்ட முகாமையாளரான துரையிடம் போனோம். இந்த முறை நான் தனியாகப் போகவில்லை; கோயில் தலைவரும் ஆயம்மாவும் வந்தார்கள். புகையைப் பற்றி முதலில் பேசவும் இல்லை. பள்ளத்திலிருந்து பொலித்தீன் அடித்துக்கொண்டு வந்து தேயிலை மலைக் கான்களை அடைத்திருந்தது. கான் நிரம்பி வரப்பு உடைந்தால் மண் போகும், அது அவருடைய தலைவலி. அதைச் சொல்லித் தொடங்கினோம். சம்மதக் கடிதத்தை நாங்களே ஒரு பந்தியில் எழுதிக் கொண்டுபோயிருந்தோம். அவர் இரண்டு சொல்லை மாற்றிவிட்டு அன்றைக்கே ஒப்பமிட்டார். வேலை மிகுந்த ஆளிடம் "ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்பதை விட, எழுதிய கடிதத்தை நீட்டுவது எவ்வளவோ மேல்.

டிராக்டர் மேலே வராது. நாங்கள்தான் சந்திக்குக் கீழே இறக்க வேண்டும். வாசல்கூட்டிக்கு உரப்பைகள் சேர்த்துக் கொடுத்தோம். 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதிய வர்த்தமானியில் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் வெளியில் எரிப்பதைத் தடை செய்திருக்கிறார்கள். அந்த அறிவித்தல் என் கைப்பையில் இருந்தது. ஆனால் அதை வாசல்கூட்டியின் முகத்துக்கு முன்னால் நீட்டவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். அவரும் கூலிக்கு வேலை செய்கிறவர். பன்னிரண்டு மணிக்குள் லயம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. கொண்டுபோகிற இடம் யாரும் காட்டவில்லை. அவர் வேறென்ன செய்வார்?

மக்கிப் போகிறதைப் பிரித்து வைக்கச் சொன்னபோது நான் நினைத்த அளவுக்கு எதிர்ப்பு வரவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்களே, அப்போது லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருந்தது. மரக்கறித் தோலும் சாம்பலும் தங்கள் தோட்டத்துண்டுக்கு உரம் என்பதை அவர்களுக்கு நான் படிப்பிக்கத் தேவை இருக்கவில்லை. பம்பர்ஸ்தான் இன்றுவரை தீராத பிரச்சினை. அதைச் சந்திக்கு இறக்க எல்லாருக்கும் கூச்சம். கறுப்புப் பையில் கட்டி இறக்குகிறார்கள். மழை நாளில் சிலர் ஓயாவில், அதாவது ஆற்றில், வீசுகிறார்கள். அந்த அக்ரா ஓயாதான் கீழே கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நிற்கிறது.

பள்ளத்தில் நெருப்பு நின்று இரண்டு மாதம் இருக்கும். வாசல்கூட்டி ஒரு நாள் உரப்பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பள்ளத்துப் புகைய நிப்பாட்டிட்டீங்க, சந்தோசம். என் சம்சாரம் முப்பது வருசமா அடுப்புப் புகையில இருமுறா. அது யாருக்கும் தெரியல." எனக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. என் அம்மாவும் அப்படித்தான் இருமினார். அதை நான் குளிர் என்றே நினைத்து வளர்ந்தேன்.

லயத்து அடுப்படி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடியிருக்கிற காம்பராவுக்குப் பின்னால் தாழ்வான ஒரு சாய்ப்பு. ஜன்னல் இல்லை, அல்லது பலகை வைத்து அடைத்திருக்கும், குளிருக்காக. மூன்று கல் அடுப்பு. மேலே பரணில் ஈர விறகும், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறும் காயும். விடிய நாலரை மணிக்கு அடுப்பு மூட்டினால் ஏழு மணிப் பெரட்டுக்குள் ரொட்டி, சம்பல், பகல் சோறு, தேத்தண்ணி எல்லாம் முடிய வேண்டும். மாலையில் திரும்பவும் அதே புகை. மலையில் எட்டு மணி நேரம் நல்ல காற்றில் நிற்கிற பெண் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் இதற்குள் குனிந்து நிற்கிறாள். புகையில் இருக்கிற 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் சொல்லியிருக்கிறது. நீண்டகால மூச்சு நோய், பிள்ளைகளுக்கு நியூமோனியா, கண்ணில் வெண்படலம், எல்லாவற்றுக்கும் வீட்டுப் புகையை ஒரு காரணமாக மருத்துவர்கள் காட்டுகிறார்கள்.

இந்த எண்ணை அடுப்படியில் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? அளக்கிற கருவியும் எங்களிடம் இல்லை. ஆயம்மாதான் வழி சொன்னார். ஒரு வெள்ளைத் துணியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டினோம். வீட்டுக்கு இரண்டு. ஒன்றை அடுப்புக்கு மேலே, பெண் நிற்கும்போது மூக்கு வருகிற உயரத்தில் கட்டினோம். மற்றதை முன் திண்ணையான இஸ்தோப்பில். ஒரு வாரம் கழித்து எல்லாத் துணிகளையும் கோயில் முன்றிலில் கொடி கட்டித் தொங்கவிட்டோம், வீட்டுப் பெயர் போடாமல். அடுப்படித் துணிகள் தேத்தண்ணி நிறத்திலிருந்து கறுப்பு வரைக்கும் இருந்தன. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு பெரியம்மா ஒரு துணியைத் தொட்டு விரலைப் பார்த்துவிட்டு, "இது நெஞ்சுக்குள்ள போயிருக்கா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் இந்த வேலை உண்மையில் தொடங்கியது. செலவில்லாத பரிசோதனை, எந்தத் தோட்டத்திலும் செய்யலாம். உயரம் மட்டும் கவனம், மூக்கு உயரத்தில் கட்டினால்தான் பார்க்கிறவர்களுக்கு உறைக்கும்.

ஆனாலும் பெண்கள் சொன்ன எதிர்வாதங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்புத்தான் வீட்டுக்குச் சூடு. அதைக் குழாய் வைத்து வெளியேற்றினால் பிள்ளை எங்கே குளிர்காயும்? பரணில் விறகு காயாதே? 'காஸ்' வாங்கலாமே என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் சொன்னபோது எல்லாரும் அவரைப் பேசாமல் பார்த்தார்கள். 2022 இல் சமையல் எரிவாயுவுக்கு டவுனில் வரிசை நின்றதையும், அந்த ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானதையும் அவர்கள் மறக்கவில்லை. அப்போது எல்லாரையும் காப்பாற்றியது விறகுதான். அதனால் விறகை விடுங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. குறைந்த விறகு, காய்ந்த விறகு, புகைக்கு வெளியே போக வழி. இந்த மூன்றையும்தான் பிடித்துக்கொண்டோம்.

அடுப்புக்கு அனகி அடுப்பைத் தெரிவு செய்தோம். 1980களில் இலங்கையிலேயே உருவான களிமண் அடுப்பு அது. ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் வைக்கலாம். கடையில் வாங்கி அப்படியே வைத்துச் சமைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். சுற்றிவரப் புற்றுமண்ணும் சாம்பலும் சாணமும் குழைத்து மெத்தையாகப் பூச வேண்டும். பூசி முடித்து நன்றாகக் காய்ந்த பிறகே நெருப்பு. எங்களில் நாலு வீடு அவசரப்பட்டு மூன்றாம் நாளே மூட்டிப் பிளந்துவிட்டது. அந்த மண் பூச்சுக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு பலன் இருந்தது: நெருப்பு அணைந்த பிறகும் வெகுநேரம் சூடு நிற்கும். பிள்ளைக்குக் குளிர்காயச் சூடு வேண்டுமே என்று சொன்ன அக்கா, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

புகைக்குழாயில்தான் காசை வீணாக்கினோம். முதல் குழாயை மேசன் பாஸ் கூரைக்கு ஒரு அடி மேலே நிறுத்தினார். ஆனி மாதம் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் வெளியே போன புகை முழுக்கத் திரும்பி உள்ளே வந்தது. குழாய் கூரை முகட்டை விட உயரமாக இருக்க வேண்டும், தலையில் தொப்பி வேண்டும், வளைவு குறைவாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கரி தட்டாவிட்டால் உள்ளே தீப்பிடிக்கும். தகரக் கூரை என்றால் வெட்டலாம். அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட வீடுகளில் கூரையைத் தொடவே வேண்டாம். அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற தூசு புகையை விடக் கொடியது. அந்த வீடுகளில் சுவரின் மேல் பகுதியில் இரண்டு செங்கல்லை எடுத்து வழி விட்டோம். துணியைத் திரும்பக் கட்டிப் பார்த்தோம், நிறம் குறைந்திருந்தது. குழாய் வைத்த வீடு அளவுக்கு இல்லை, ஆனால் குறைந்திருந்தது.

விறகை மாசி, பங்குனி வெயிலில் பிளந்து, இஸ்தோப்பு ஓரமாகக் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் மழைக்காலத்துக்கு வரும். யூகலிப்டஸை முழுத் துண்டாக வைத்தால் மாதக்கணக்கில் ஈரம் போகாது, பிளந்தால்தான் காயும். இதெல்லாம் எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த சங்கதி. பிளக்கிற ஆம்பிளைகளுக்குத்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு ஆற்றாமை வரும். இந்த நாட்டு நீர்மின்சாரத்தின் கதையே எங்கள் மலையில் ஆரம்பிக்கிறது. நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் பிளாக்பூலில் 1912 இல் பொறியியலாளர் விமலசுரேந்திர சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1950 இல் லக்சபான மின் நிலையம். 2012 இல் 150 மெகாவாட் மேல் கொத்மலை. அதற்காக செயின்ட் கிளேயர் அருவியின் தண்ணீர் சுரங்கத்துக்குப் போனது. தங்கள் மலையிலிருந்து கொழுந்தும் கரண்டும் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே எங்கள் பெண்கள் விறகு ஊதினார்கள். மழை குறைந்த மாதங்களில் நுரைச்சோலை மின் நிலையத்து நிலக்கரியும் எண்ணெயும்தான் நாட்டைத் தாங்குகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கரண்டில் சமைத்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விடிய நாலரைக்குச் சோற்றுக்கு மட்டும் ஒரு ரைஸ் குக்கர் வைத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புகையில் நிற்கிற நேரம் நன்றாகக் குறைகிறது. நாட்டின் மின் தேவை உச்சத்தில் இருப்பது மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை. விடியற்காலையில் அந்த நெருக்கடி இல்லை.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். லயங்கள் அடிக்கடி தீப்பிடிப்பதை எல்லாரும் செய்தியில் பார்க்கிறோம். ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுக்கப் போகும். வயரிங் பழையது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கம்பி இழுத்திருப்பார்கள், பல்ப் ஹோல்டரிலிருந்து பிளக் எடுத்திருப்பார்கள். 700 வாட் ரைஸ் குக்கர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் எடுக்கும். 2000 வாட் கேத்தல் 9 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். இரண்டையும் பல்புக்கு இழுத்த மெல்லிய வயரில் கொடுத்தால் வயர் சூடாகி உருகும். அதனால் குக்கர் வாங்கச் சீட்டுப் பிடிப்பதற்கு முன்னால் வயரிங் பார்க்கச் சீட்டுப் பிடித்தோம். தகுதிச் சான்றுள்ள மின் வேலையாள் ஒருவர் வீடு வீடாக வந்து எர்த் இருக்கிறதா, மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்தார். பல வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்திருந்தார்கள். அவற்றை முதலில் சரி செய்தோம். மெதுவான வேலை, யாரும் படம் எடுத்துப் போடுகிற வேலை இல்லை. சுத்தமான சக்தி என்று எங்கள் லயத்தில் பேசத் தொடங்குகிற இடம் அதுதான்.

கூரைச் சூரிய மின்சாரம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமயத் திட்டத்தில் கூரையில் மின்சாரம் எடுத்து நாட்டின் மின் வலையமைப்புக்கு விற்கலாம். ஆனால் அதற்குக் கூரை நம்முடையதாக இருக்க வேண்டும், மின் கணக்கு நம் பெயரில் இருக்க வேண்டும். லயத்தில் முதலாவது இல்லை. இரண்டாவதும் பல வீடுகளில் இல்லை. காணி உறுதிக்கான கோரிக்கையையும் சுற்றாடல் கோரிக்கையையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டதற்கு இது ஒரு காரணம்.

எங்களால் முடிந்தது பீலிக்கரையில் ஒரு சோலார் விளக்கு. பொழுதுபட்ட பிறகு தண்ணீருக்குப் போகிற பெண்களுக்குச் சிறுத்தைப் பயம் இருந்தது. விளக்கு இரண்டு வருடம் நன்றாக எரிந்தது, பிறகு பெற்றரி செத்தது. புதிய பெற்றரிக்கு யாரும் பணம் சேர்த்து வைத்திருக்கவில்லை. ஆறு மாதம் இருட்டு. இப்போது வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கோயில் உண்டியலில் தனியாகச் சேர்கிறது. அன்பளிப்பாகக் கிடைக்கிற எந்தச் சாதனத்துக்கும் அதன் பெற்றரி எத்தனை வருடம், விலை என்ன, பழையதைத் திரும்ப எடுப்பது யார் என்று வாங்குகிற நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூடுபனி நாட்களில் சார்ஜ் குறைவாக ஏறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி விஷயத்துக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாக வேண்டுமானால் அவ்வளவு ஈரத்தையும் விறகு நெருப்பில் உலர்த்த வேண்டும். சில இரவுகளில் கரும்புகை லயத்தின் மேல் இறங்கும். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்ய எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஸ்டோர் மூடினால் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது. அதனால் முதலில் ஒரு கொப்பியில் திகதி, நேரம், புகையின் நிறம், மழையா வெயிலா என்று மட்டும் குறித்தோம். இரண்டு மாதம். உலைக்கு விறகு போடுகிற அண்ணன் கொப்பியைப் பார்த்ததுமே சொன்னார்: மழை பெய்த மறுநாள்தான் கறுப்பு, ஏனென்றால் விறகுக் கொட்டகையில் பாதிக்குக் கூரை இல்லை. ஈர விறகு புகைக்கும், அதோடு கூடுதலாகவும் செலவாகும். கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குக் கூரை கேட்டோம். உடனே கிடைக்கவில்லை, ஒரு வருடம் ஆனது. கூரை வந்தது. முறைப்பாட்டுக் கடிதம் எழுதப்படாமலே இருக்கிறது, தேவைப்பட்டால் எழுதுவோம். கொப்பியை இன்றும் நிறுத்தவில்லை. அதை இப்போது ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் இருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டங்களைப் பற்றி ஒரு சொல். சம்பள நாளில் வைக்காதீர்கள், தேர்தலுக்கு முந்திய மாதத்தில் வைக்காதீர்கள், கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்த நேரத்தில் பிள்ளைக் காம்பரா வாசலிலேயே இருபது நிமிடம் பேசுங்கள். எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம். தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குச் சொல்லி மற்றவரை விட்டால் அந்த வேலை அங்கேயே நிற்கும். அப்படி ஒருமுறை நின்றது, திரும்பத் தொடங்க நாலு மாதம் ஆனது.

பள்ளத்தில் இப்போது வாழைக்கன்று வைத்திருக்கிறோம். அடியில் கிடக்கிற பழைய பொலித்தீனை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தோண்டினால் கண்ணாடித் துண்டுகளும் பழைய பெற்றரிகளும் வருகின்றன. எங்கள் வரிசையில் ஆறு வீட்டில் வயரிங் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசல்கூட்டியின் மனைவிக்கு இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. கிளினிக்கில் மூச்சுக்கு இழுக்கிற பம்ப் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய அடுப்படியில் இந்த வாரம் மூன்றாவது தடவையாகத் துணி கட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவிழ்த்துப் பார்ப்போம்.